துப்பாக்கி உரிமம் வாங்கியவரின் வீட்டு முகவரி ஊருக்கே தெரிய வேண்டுமா?

மலைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு 2022 ஜூன் 27 நினைவிருக்கலாம். அட்டர்னி ஜெனரல் ராப் பொன்டாவின் கீழ் இயங்கும் மாநில நீதித் துறை, துப்பாக்கிப் புள்ளிவிவரங்களுக்கான டேஷ்போர்டை அன்றைக்குத்தான் மக்கள் பார்வைக்குத் திறந்தது. எந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எத்தனை உரிமம் என்பது மாதிரியான கணக்கை வரைபடமாகக் காட்டுவது நோக்கம். ஆனால் மறைவாகத் துப்பாக்கி எடுத்துச்செல்ல 2011 முதல் 2021 வரை விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் விவரமும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, பாலினம், இனம், ஓட்டுநர் உரிம எண், சிலருக்குக் குற்றப் பின்னணி. விண்ணப்பம் தள்ளுபடியானவர்களின் பெயரும் அதில் உண்டு. 24 மணி நேரத்துக்குள் மூடிவிட்டார்கள், ஆனால் அதற்குள் பலர் டவுன்லோட் செய்துவிட்டார்கள்.

பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ப்ரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று தீர்ப்புச் சொல்லும் வரை, கலிஃபோர்னியாவில் 'தகுந்த காரணம்' காட்டினால்தான் இந்த உரிமம் கிடைக்கும். கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரிஃபோ நகரக் காவல் தலைவரோ அந்தக் காரணத்தை ஏற்க வேண்டும். பல கவுண்டிகளில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யார் மிரட்டினார், எப்போது மிரட்டினார், போலீஸில் புகார் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அப்படியென்றால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார்? நீதிபதிகள் இருந்தார்கள், காவல் துறையினர் இருந்தார்கள், தன்னை ஒருவன் தேடுகிறான் என்று அரசாங்கத்திடம் ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்த சாதாரண ஆட்களும் இருந்தார்கள். தேடுகிறவனுக்கு முகவரி கிடைக்கக் கூடாது என்று அஞ்சியவர்களின் முகவரிதான் வெளியே போனது.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் வேறொரு மாநிலத்தில் இப்படி உரிமம் வைத்திருக்கிறார். பழைய தொழில் கூட்டாளி ஒருவரின் மிரட்டல் தாங்காமல் வீடு மாறியவர். புது முகவரியை உறவுக்காரர்களிலேயே பாதிப் பேருக்குச் சொல்லவில்லை. இந்தச் செய்தி வந்ததிலிருந்து அவர் கேட்பது ஒன்றுதான்: நான் யாருக்கும் சொல்லாததை அரசாங்கம் எனக்காகக் காப்பாற்றுமா?

துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற சண்டையை வேறு இழைகளில் வைத்துக்கொள்வோம். இங்கே எனக்கு வேண்டியது, உரிமதாரரின் சொந்த விவரம் யார் கையில் இருக்க வேண்டும், யார் கையில் இருக்கக் கூடாது என்பது.


வெண்ணிலா

கசிவு பெரிய அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் 'அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடுவோம்' என்றுதான் முடிகிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

ஃப்ளோரிடாவில் 2006-இல் உரிமதாரர்களின் பெயர்களை ரகசியமாக்கிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது சன்-சென்டினல் நாளிதழ். நீதிமன்றப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டு, 2007 தொடக்கத்தில் ஒரு புலனாய்வுத் தொடர் வெளியிட்டார்கள். பெருங்குற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அல்லது எதிர்த்து வாதாடாமல் விட்ட 1,400-க்கும் மேற்பட்டவர்களிடம் உரிமம் இருந்தது. நீதிபதி 'குற்றவாளி' என்று முறைப்படி தீர்ப்பு எழுதாமல் விட்டதால் சட்டத்தின் ஓட்டை வழியாக வந்தவர்கள் அவர்கள். பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தவர்களும், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளானவர்களும்கூட அதில் இருந்தார்கள்.

அந்தப் பட்டியல் பத்திரிகைக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? உரிமம் கொடுத்த அலுவலகம் தன் தப்பைத் தானே வந்து சொல்லியிருக்குமா? அரசாங்கம் ஒருவருக்கு ஆயுதம் ஏந்த அனுமதி தருகிறது என்றால், சரியான ஆளுக்குத்தான் தந்ததா என்று வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க வழி வேண்டும்.


கணக்குப்பிள்ளை

நான் தரவு வேலையில் இருப்பவன். கலிஃபோர்னியாவில் நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கினால் விவாதத்துக்கு உதவும்.

டேப்லோ மாதிரி மென்பொருளில் ஒரு வரைபடம் செய்யும்போது, அதற்கு அடியில் ஒரு தரவுத் தொகுப்பு இருக்கும். கவுண்டிவாரியாக எண்ணிக்கை காட்ட வேண்டுமென்றால், அந்த எண்ணிக்கையை முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டு அதை மட்டும் ஏற்றலாம். அப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எண்ணிக்கைதான் வரும். இன்னொரு வழி, ஆள்வாரியான முழுப் பதிவையும் ஏற்றிவிட்டு, கூட்டும் வேலையை மென்பொருளிடமே விடுவது. செய்கிறவருக்கு இது சுலபம். ஆனால் அனுமதி அமைப்பில் ஒரு இடத்தைக் கவனிக்காமல் விட்டால், பார்க்க வருகிறவர் வரைபடத்துக்கு அடியில் இருக்கும் அத்தனை வரிகளையும் இறக்கிக்கொள்ளலாம். அங்கே நடந்தது ஏறத்தாழ இந்த இரண்டாவது.

வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட மாரிசன் ஃபோர்ஸ்டர் என்ற சட்ட நிறுவனம் விசாரித்து, 2022 நவம்பரில் அறிக்கை வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இல்லை என்பது முடிவு. 507 இணைய முகவரிகளிலிருந்து 2,734 முறை தரவு இறக்கப்பட்டதாக அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி வெளியே போயிருக்கிறது. அதைத் திரும்பப் பெற எந்தச் சட்டத்துக்கும் வழி கிடையாது.

எனக்கு இதில் எரிச்சலாக இருப்பது, அந்த டேஷ்போர்டுக்கு ஆள்வாரி விவரம் தேவையே இல்லை என்பதுதான். தேவையில்லாததை ஏற்றாமல் இருந்திருந்தால் காப்பாற்ற வேண்டிய வேலையே வந்திருக்காது.


செங்காந்தள்

வெண்ணிலாவுக்கு ஒரு பதில். நான் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறி வரும் பெண்களுக்கு உதவும் வேலை.

எங்களிடம் வருகிறவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது முகவரியை எப்படி மறைப்பது என்பதைத்தான். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கட்டும், பிள்ளையின் பள்ளியில் எந்த எண் கொடுக்கலாம், பார்சல் எங்கே வரவேண்டும், பழைய செல்போனில் இருப்பிடம் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு பெண் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, தன் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விண்ணப்பத்தில் உண்மையான வீட்டு முகவரியைத்தான் எழுத வேண்டும், பொய் எழுதினால் குற்றம்.

இப்போது 2012 டிசம்பருக்கு வாருங்கள். சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எல்லாருடைய மனமும் புண்ணாக இருந்த நேரம். தி ஜர்னல் நியூஸ் என்ற நாளிதழ் தகவல் சட்டத்தின் கீழ் பட்டியலைக் கேட்டு வாங்கி, வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட் கவுண்டிகளின் கைத்துப்பாக்கி உரிமதாரர்களை இணையத்தில் ஒரு வரைபடமாகப் போட்டது. புள்ளியைத் தொட்டால் பெயரும் தெரு முகவரியும் வரும். அதில் என்ன புலனாய்வு இருந்தது? ஃப்ளோரிடா பத்திரிகை செய்தது வேலை. நீதிமன்றப் பதிவோடு ஒப்பிட்டுத் தப்பைக் கண்டுபிடித்தது. இங்கே பட்டியலை அப்படியே தெருவில் கொட்டினார்கள். நியூயார்க் நகரத்துக்கு வெளியே அந்தக் காலத்தில் சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு இந்த உரிமம் தேவையில்லை. ஆக, எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்குக்கூட அந்த வரைபடம் சரியான விடை கிடையாது.

ராக்லண்ட் சிறையில் காவலர்களிடம் கைதிகளே 'உன் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியும்' என்ற தோரணையில் பேசியதாக அந்தக் கவுண்டி ஷெரிஃப் வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த புட்னம் கவுண்டி, பட்டியல் தரவே மறுத்துவிட்டது.


வெண்ணிலா

செங்காந்தள் அக்கா, நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை மறுக்க மாட்டேன். அந்த வரைபடத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். கோபப்பட்டவர்கள் பதிலுக்கு அந்தப் பத்திரிகையில் வேலை செய்தவர்களின் வீட்டு முகவரிகளை இணையத்தில் போட்டார்கள். அலுவலகத்துக்கு ஆயுதம் தாங்கிய காவலர் போட வேண்டிய நிலை வந்தது. அந்தரங்கம் வேண்டும் என்று கொடி பிடித்தவர்களே அடுத்தவர் அந்தரங்கத்தை வெளியே எடுத்துப் போட்டார்கள். முகவரியை வெளியிடுவது ஒருவரை மிரட்டும் வழி என்று இரண்டு பக்கமும் தெரிந்தே வைத்திருந்தது.


நெறியாளர்

கசிந்த கலிஃபோர்னியா பட்டியல் இருப்பதாகச் சொல்லும் ஓர் இடத்துக்கு ஒருவர் இணைப்புக் கொடுத்திருந்தார். நீக்கிவிட்டேன். 'உண்மையா என்று பார்க்கத்தான்' என்றாலும் வேண்டாம். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.


வடகாற்று

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். நான் வார இறுதியில் களிமண் தட்டுச் சுடும் கிளப்புக்குப் போகிறவன். எங்கள் நாட்டில் உரிமம் கொடுக்கும் முன் போலீஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இரும்பு அலமாரி சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சாவி இருக்கும் இடம் வீட்டில் உரிமம் இல்லாதவர்களுக்குத் தெரியக் கூடாது. மூத்த உறுப்பினர்கள் சொல்லித்தரும் முதல் பாடமே, வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று வாய் திறக்காதே என்பது. துப்பாக்கியைக் காரில் ஏற்றும்போதுகூட வாசலில் வைத்துக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டோம்.

இத்தனைக்கும் பிறகு, 2021 ஜூலையில் கன்ட்ரேடர் என்ற விற்பனைத் தளத்தை ஹேக் செய்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை எடுத்துவிட்டார்கள். அது தனியார் தளம், போலீஸ் பதிவேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொஞ்ச நாள் கழித்து அதைக் கூகுள் எர்த்தில் ஏற்றிப் பார்க்கும் வடிவத்திலேயே யாரோ வெளியிட்டார்கள். கோப்பைத் திறந்தால் வீடு வீடாகக் குறி விழும். சுடும் விளையாட்டை எதிர்ப்பவர்கள் இந்த முகவரிகளுக்குப் போய்க் கேள்வி கேளுங்கள் என்ற தூண்டுதலும் கூடவே இருந்தது.

அன்று எங்கள் கிளப்பில் எல்லாரும் பூட்டை மாற்றுவதைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அது பயனில்லை என்று தோன்றியது. பூட்டை மாற்றலாம், அலாரம் வைக்கலாம், முகவரியை மாற்ற முடியுமா? வங்கி அட்டை திருடு போனால் புது எண் தருகிறார்கள். வீட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.


ஈட்டிமரம்

இவ்வளவு எழுதியும் யாரும் மூல காரணத்தைத் தொடவில்லை. பட்டியல் இருந்தால் ஒரு நாள் கசியும். ஆகவே பட்டியலே இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1986-இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி அரசு நாடு தழுவிய பதிவேடு வைப்பதைத் தடுத்தது இதற்காகத்தான். ஒரு குற்றத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் தேசிய மையம் தயாரிப்பாளரைக் கேட்டு, அவர் மொத்த வியாபாரியைச் சொல்லி, மொத்த வியாபாரி கடைக்காரரைச் சொல்லி, கடைக்காரர் தன்னிடம் இருக்கும் விற்பனைப் படிவத்தைப் பார்த்து முதலில் வாங்கியவரைச் சொல்கிறார். மூடிப்போன கடைகளின் படிவங்கள் அந்த மையத்துக்கு வந்து சேர்கின்றன, ஆனால் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாதபடிதான் வைத்திருக்கிறார்கள். வேகம் குறைவுதான். ஆனால் ஒரே பொத்தானில் எல்லார் பெயரும் வந்துவிடாது. கனடா 2012-இல் நீண்ட துப்பாக்கிகளின் பதிவேட்டை ஒழித்தபோது, பதிந்து வைத்த தரவையும் அழிக்கச் சொல்லியே சட்டம் போட்டது. கியூபெக் மாகாணம் தன் பங்குத் தரவைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல் தோற்றது.


கணக்குப்பிள்ளை

ஈட்டிமரம் அண்ணா, 'தேவையில்லாததைச் சேர்க்காதே' என்ற வரைக்கும் உங்களோடு வருகிறேன். அதற்கு மேல் வர முடியவில்லை. இரண்டு காரணம் சொல்கிறேன்.

அரசிடம் பட்டியல் இல்லாவிட்டால் பட்டியலே இல்லை என்று நினைக்கிறீர்கள். 2024 அக்டோபரில் ப்ரோபப்ளிகா வெளியிட்ட புலனாய்வைப் படித்துப் பாருங்கள். துப்பாக்கி வாங்குகிறவர்கள் பூர்த்தி செய்து அனுப்பிய வாரன்டி கார்டுகளின் விவரங்களைத் தயாரிப்பு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் தொழில் சங்கமான தேசிய சுடுவிளையாட்டு அமைப்பிடம் கொடுத்திருக்கின்றன. அது தேர்தல் பிரசாரத்துக்கு வாக்காளர்களைக் குறிவைக்கப் பயன்பட்டிருக்கிறது. வாங்கியவர்களுக்குத் தெரியாது. எந்த அமைப்பு அரசாங்கப் பதிவேட்டை உரிமையாளரின் அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று எதிர்த்து வந்ததோ, அதுவே இதைச் செய்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. வாரன்டி கார்டை ஒருவர் அனுப்புவது பழுது பார்க்க, வேறெதற்கும் இல்லை.

இரண்டாவது, நியூசிலாந்து. கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பிறகு 2019-இல் அரசு துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கும் திட்டம் நடத்தியது. அதற்கான இணையத்தளத்தில் மென்பொருள் ஒப்பந்ததாரர் செய்த மாற்றத்தால், வியாபாரிகள் சிலருக்கு மற்றவர்களின் பெயர், முகவரி, உரிம எண், வங்கிக் கணக்கு எல்லாம் பார்க்கும் அனுமதி தவறிப்போய் விழுந்தது. ஒரு வியாபாரிதான் அதைக் கவனித்துச் சொன்னார். டிசம்பரில் தளத்தையே மூடினார்கள். இங்கே பட்டியல் தேவைப்பட்டது, ஏனென்றால் துப்பாக்கிக்குப் பணம் கொடுக்க வேண்டும். தவறு, யார் எவ்வளவு பார்க்கலாம் என்பதைக் காவல் காக்காததில் இருந்தது.

இன்னொன்று, இது எல்லாருக்கும். மெம்ஃபிஸில் ஒரு நாளிதழ் டென்னசி உரிமதாரர் பட்டியலை இணையத்தில் தேடும்படி வைத்த பிறகு, அக்விஸ்டி, டக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே நடந்த வீடு புகுந்த திருட்டுகளை ஆராய்ந்தார்கள். உரிமதாரர் அதிகம் இருக்கும் பகுதிகளில் திருட்டு, உரிமதாரர் குறைவாக இருக்கும் பகுதிகளோடு ஒப்பிட்டால் குறைந்தது. நாம் பயப்படுகிறபடி திருடன் துப்பாக்கியைத் தேடிப் போனதாக அந்த எண்கள் காட்டவில்லை, ஒதுங்கிப் போனதாகக் காட்டுகின்றன. இதைக் கேட்டு 'அப்போ வெளியிடுவது நல்லதுதானே' என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்காரர் கதி என்ன? அவர் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. அவர் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டோம்.


மலைக்குருவி

இந்தக் கோணம் எனக்குப் புதிது. பட்டியலில் இல்லாதவரைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. நன்றி தம்பி.

வெண்ணிலா, உங்கள் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தப்பான ஆளுக்கு உரிமம் போனதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி வேண்டும் என்றீர்கள். சரி, அதற்கு முகவரி எதற்கு? பெயரைக்கூட ஊருக்குக் காட்டாமல், கட்டுப்பாட்டோடு ஆய்வாளர்களிடம் கொடுக்கலாமே. கலிஃபோர்னியாவில் 2021-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. யுசி டேவிஸில் இருக்கும் துப்பாக்கி வன்முறை ஆய்வு மையத்துக்கு மாநில நீதித் துறை விவரங்களைத் தரும், ஆய்வு முடிவில் தனி ஆளை அடையாளம் காட்டக் கூடாது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், ஒன்பதாம் சுற்று (ஒன்பதாம் வட்டார) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் சட்டத்தின் பக்கம் நின்றது. முன்பு கசியவிட்ட அதே துறையிடமிருந்துதான் தரவு போகிறது என்பதால் வழக்குப் போட்டவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பத்திரிகை வரைபடத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.


வெண்ணிலா

ஆய்வு மையம் நல்லதுதான். ஆனால் அது பல வருடங்களின் போக்கைச் சொல்லும். இந்த ஷெரிஃப் தன் தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவருக்கு உரிமம் கொடுத்தாரா என்று சொல்லாது. அதைச் சொல்ல நிருபருக்குப் பெயர் வேண்டும்.

ஆகவே என் நிலை இது. பெயரும் உரிமம் கொடுத்த தேதியும், குறிப்பிட்ட காரணம் காட்டிக் கேட்கும் நிருபருக்குக் கிடைக்கட்டும். தெரு முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் யாருக்கும் கிடைக்க வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு வைத்திருக்கும் பெண்ணின் பெயரும் வேண்டாம். பெயரே போகக் கூடாது என்று நீங்கள் சொன்னால் அங்கே நாம் பிரிகிறோம்.


ஈட்டிமரம்

பெயர் போனால் முகவரி கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். வாக்காளர் பதிவும் சொத்துப் பதிவும் திறந்து கிடக்கும் நாடு இது. பிரிகிறோம்தான்.


புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பா நியூயார்க்கில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறார். ஒரு குற்ற வழக்கில் சாட்சி சொன்னவர். அவர் பெயரை வெளியிடாமல் தடுக்க ஏதாவது செய்ய முடியுமா?


செங்காந்தள்

முடியும். அந்த வரைபடக் கலவரம் நடந்த அடுத்த மாதமே, 2013 ஜனவரி 15 அன்று கையெழுத்தான சேஃப் என்ற நியூயார்க் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இதற்கு வழி வைத்தார்கள். மூன்று நாளில் அந்தப் பத்திரிகையும் வரைபடத்தை எடுத்துவிட்டது. உரிமம் வழங்கிய கவுண்டியில், பொது வெளியீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் படிவம் கேளுங்கள். அதில் காரணங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். காவல் அல்லது சிறைத் துறையில் இருப்பவர் அல்லது இருந்தவர், பாதுகாப்பு உத்தரவு வைத்திருப்பவர், குற்ற வழக்கில் சாட்சியாக இருந்தவர், ஜூரியாக இருந்தவர், இவர்களின் துணைவர் அல்லது வீட்டில் உடன் இருப்பவர், வெளியிட்டால் தொல்லைக்கு ஆளாவோம் என்று நம்பக் காரணம் உள்ளவர் என்று போகும். அப்பாவுக்குச் சாட்சிக் கட்டம் நேராகப் பொருந்தும். நீங்களோ அம்மாவோ தனியாக உரிமம் வைத்திருந்தால், அதே வீட்டில் இருப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் தனிப் படிவம் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயர் வழியாக அதே முகவரி வெளியே வந்துவிடும்.

கொடுக்கும்போது ஒரு பிரதியில் அலுவலக முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினாலோ உரிமத்தைப் புதுப்பித்தாலோ, விலக்கு இன்னும் பதிவில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.